சாயவேரும் அச்சுச் சீலையும்

கரவெட்டிக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் உள்ள கடற்றுறைக்குப் பருத்தித்துறை என்பது பெயர். பருத்தியும் பருத்தித் துணியும் அங்கு ஏற்றி இறக்கப்பட்டமையால் அப்பெயர் வந்தது எனக் கூறுவது மரபு. அத்துறைக்கு எதிரே, கடலுக்கு அப்பால், வேதாரணியமும் நாகபட்டினமும் அடங்கிய சோழமண்டலக் கரை கிடக்கின்றது. அக்கரையிலே நெய்து, எழுதியும் அச்சிட்டும் அணிசெய்த துணிகள் ஒரு காலத்தில் மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. அத்துணிகளின் அழகைப் புகழ்ந்தோர் பலர். அவற்றை விலை பேசிச் செல்வம் ஈட்டியோரும் பலர். ஆனால், அவற்றின் மங்காத சிவப்புக்கு வேண்டிய வேரில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணலைக் கிண்டி எடுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. துணியை எழுதியவன் பெயரே நிலைக்கவில்லை. வேர் தோண்டியவன் பெயரை யார் குறித்து வைப்பர்?

அச்சுச் சீலையின் சிறப்பு அதனைப் பதித்த கட்டையில் உளதா, வரைந்த கோலில் உளதா, சாயம் தந்த வேரில் உளதா என வினவுவது வீண் வினா அன்று. பொதுவாக மக்கள் அச்சையே காண்பர். அச்சைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றினால் பூ விழுந்துவிடும் என்று எண்ணுவர். பழைய தொழில் அவ்வாறு நடைபெற்றதன்று. அதன் நுட்பத்தை அறிந்தால், வடகரை மணலில் விளைந்த ஒரு சிறு செடிக்கு வேற்றரசுகள் ஏன் காவல் இட்டன என்பது தானே விளங்கும்.

பெயர்கள் சிலவற்றை முதற்கண் நோக்குதல் தகும். பூப்போட்ட பருத்தித் துணியை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் சீத்தை என்பர். தமிழகத்திற் சீட்டி என்பர். துளி, தெறிப்பு என்னும் பொருளுடைய வடஇந்தியச் சொல்லொன்றன் உறவினவே இவை. அதே சொல் போர்த்துக்கேயர் வாயிற் ‘சீற்றா’ ஆயிற்று. ஒல்லாந்தர் வாயிற் ‘சிற்ஸ்’ ஆயிற்று. ஆங்கிலேயர் வாயிற் ‘சின்ற்ஸ்’ ஆயிற்று. ஆடவர் உடுக்கும் வேட்டியைக் குறிக்கும் சோமன் என்னும் சொல்லோ சிங்களத்திற் ‘சோமன’ என வழங்கி, கரையும் பூவேலையும் உடைய துணியைக் குறித்தது. வடமராட்சியிற் பூர்விகம் உடைய குடும்பத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் நெசவையும் சாயமிடுதலையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். நூல் நூற்பவனையும் சாயம் தோய்ப்பவனையும் சிற்பிக்கு நிகராக வைத்து எழுதியமை அந்நூலின் தனிச் சிறப்பு.

இலக்கியச் சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அறுவை வாணிகர் தெருவிற் கிடைத்த துகில் வகைகளை நீண்ட நிரலாகத் தருகின்றார். அவற்றுள் அரத்தம், குருதி என்பன நிறத்தாற் பெற்ற பெயர்கள். சித்திரக்கம்மி என்பது சித்திர வேலையை நினைவூட்டும். குச்சரி என்பதோ கூர்ச்சர நாட்டை நினைவூட்டுகின்றது. கூர்ச்சரத்து அச்சுத் துணிகளின் கிழிசல்கள் எகிப்து நாட்டுப் பழைய நகரமாகிய புசுத்தாத்தின் மண்மேடுகளில் எண்ணிறந்தனவாகக் கிடைத்துள்ளன. அரசர் அணிந்த பட்டு அழிந்தது. வறியோர் உடுத்துக் களைந்த கந்தை வறண்ட மண்ணில் நிலைத்தது. அக்கந்தைகளில் இன்றும் சிவப்பு மங்காமல் இருத்தலைக் கண்டு அறிஞர் வியப்பர்.

அச்சிவப்பு மங்காமைக்குக் காரணம் யாது? மஞ்சளை அரைத்துத் துணியிற் பூசினால் உடனே நிறம் ஏறும். வெயில் சில நாளில் அதனை உண்டுவிடும். பல தாவரச் சாயங்கள் பருத்தி நூலைத் தாமாகப் பற்றிக்கொள்வன அல்ல. நூலுக்கும் சாயத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணிப்பதற்கு மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். அதனைக் காரம் என்று வழங்கலாம். படிகாரம் அத்தகையது, இரும்புக் கரைசல் அத்தகையது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கத்தால் நூலைப் பற்றி, மறுபக்கத்தால் சாயவேரின் நிறப்பொருளைப் பற்றிக்கொள்ள, நீரிற் கரையாத செந்நிறக் கூட்டொன்று நூலிழையின் உள்ளேயே உண்டாகின்றது. இரும்பு அதே நிறப்பொருளைப் பற்றினாற் கருமையும் கருநீலச் சாயலும் தோன்றும். இரண்டையும் கலந்து பதித்தால் அரக்குப் போன்ற கபில நிறம் பிறக்கும்.

ஆகவே, தொழிலாளி அச்சினாற் பதிப்பது சாயத்தை அன்று. சாயம் பற்றவேண்டிய இடத்தையே. பதித்த வேளையிற் படிகாரப் பூ கண்ணுக்குத் தெரியாது. கை தவறாதிருக்கும் பொருட்டுப் படிகாரக் கூழிற் சிறிது பதங்கக் கட்டைச் சாற்றைக் கலந்து வெளிறிய சிவப்பாக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்நிறம் பின்னர் நீரிற் போய்விடும். இவ்வாறு பதித்த துணி முழுவதையும் ஒரே கொப்பரையில் இட்டு வேர்ச்சாற்றிற் காய்ச்சினால், ஓரிடம் சிவக்கும், ஓரிடம் கறுக்கும், காரம் படாத இடம் ஏறக்குறைய வெள்ளையாகவே நிற்கும். கி. பி. முதலாம் நூற்றாண்டினரான உரோம அறிஞர் பிளினி எகிப்தியரிடம் இம்முறையைக் கேள்வியுற்று, ஒரு நிறச் சாற்றில் முக்கிய துணி பல நிறத்தோடு வெளிவருதலை விந்தையாகக் குறித்துள்ளார். அவர் விந்தை என்றது சாயக்காரர்க்கு அன்றாட வேலை.

சோழமண்டலக் கரையில் இவ்வேலை நடைபெற்ற ஒழுங்கை ஐரோப்பியர் இருவர் கூர்ந்து நோக்கி எழுதி வைத்தனர். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த போலியே என்பவர் 1734 அளவிற் புதுச்சேரியில் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். இயேசு சபைத் துறவியாகிய கேர்தூ என்பவர், தம்மிடம் ஞானத்தீக்கை பெற்ற தொழிலாளரை உசாவி 1742 இல் நீண்டதொரு கடிதம் வரைந்தார். இவற்றை அறிவு வேட்கையின் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் தவறாகும். தம் நாட்டில் அத்தொழிலை நாட்டுவதற்கு வழி தேடியதும் அவ்வேட்கையின் ஒரு கூறு. தொழிலாளி தன் மறையை அவ்வளவு எளிதிற் சொன்னமைக்கு அவன் பெற்றது யாது என்பதை அக்குறிப்புகள் கூறவில்லை.

அவர்கள் கண்டதும், இன்றும் ஆந்திர நாட்டிற் பெடனை என்னும் ஊரிற் காணத்தக்கதும் ஆகிய முறை பெரும்பாலும் ஒன்றே. நெய்த துணியில் உள்ள கஞ்சியும் எண்ணெயும் நீங்குமாறு அதனைச் சாண நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்து வெளுப்பர். பின்பு கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் அதனைத் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் காரத்தைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, பதித்த கூழ் பரவி எல்லை கடக்காமற் காக்கும். எருமைப்பாலே வேண்டும் எனத் தொழிலாளர் வற்புறுத்துவது வெறும் பழக்கம் அன்று. அதிற் கொழுப்பு மிகுதி. இனிக் கறுப்புக்கு வேண்டிய சாற்றைத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரிற் பல நாள் புளிக்கவைத்து எடுப்பர். அது கடுக்காய் ஏறிய துணியிற் பட்ட அக்கணமே கறுக்கும். எழுத்து மை பிறந்ததும் இவ்வழியாலேயே. அதனாற் கோட்டுருவம் முதலிற் கறுப்பிற் பதிக்கப்படும். அதன் உள்ளே சிவக்கவேண்டிய இடங்களிற் படிகாரக் கூழ் பதிக்கப்படும். கூழ் ஓடாமல் நிற்பதற்குப் பிசின் சேர்ப்பர்.

பதித்த துணியைச் சில நாள் ஆறவிட்டு, ஓடும் நீரில் அலசுதல் அடுத்த படி. இஃது எளிய செயல் போலத் தோன்றினும் தொழிலின் உயிர்நிலை இதுவே. நூலைப் பற்றாத மிகுதிக் காரம் நீங்கவேண்டும். நீங்கும்போது பக்கத்து வெள்ளை இடத்திற் படியவும் கூடாது. தேங்கிய நீரில் அலசினாற் கரைந்த காரம் துணி முழுவதும் பரவிப் பூவும் நிலமும் ஒன்றாய்ச் சிவந்துவிடும். கிருட்டிணை ஆற்றின் கழிமுகத்திலும் காவிரியின் கிளைகளிலும் இத்தொழில் தழைத்தமைக்கும், ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பெருந்தொழிலாக வளராமைக்கும் இஃதொரு காரணம் ஆகலாம். வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுவது. மற்றைய காலத்துக்கு உள்ளது கிணறு. துலா மிதித்து இறைத்த நீரைத் தோட்டத்துக்கு விடுவதா, துணிக்கு விடுவதா?

ஆயினும் அந்நிலத்தின் இயல்பே வேருக்கு வாய்ப்பாயிற்று. சாயவேர்ச் செடி காப்பி இனத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் ஒல்டன்லாண்டியா அம்பெலாற்றா என்பர். வைத்தியர் அதனை இம்பூறல் என அறிவர். இரத்தம் கக்கும் நோய்க்கு மருந்தாகக் கொடுப்பர். சாண் அளவும் உயராத, வெள்ளைச் சிறு பூக்கள் உடைய செடி. அதன் சிறப்பெல்லாம் மண்ணுக்குக் கீழே. மெல்லிய நீண்ட வேரின் பட்டையிலே அலிசரீன் என்னும் நிறப்பொருள் உறைகின்றது. வளமான நிலத்திலும் பார்க்கக் கடலோரத்து உலர்ந்த மணலில் வேர் ஆழமாக இறங்கும். சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மணல் இதற்கு ஏற்றது. செந்நிறக் கூட்டு நன்கு உருவாவதற்குச் சிறிதளவு சுண்ணச் சத்தும் வேண்டும் என்பதைப் பிற்கால இரசாயன நூலார் விளக்கினர். ஐரோப்பியச் சாயக்காரர் கொப்பரையிற் சுண்ணக்கட்டித் தூள் இட்டனர். சுண்ணாம்புக்கல்லின் மேற் கிடக்கும் குடாநாட்டிலோ கிணற்று நீரிலேயே அது கரைந்து கிடக்கின்றது.

போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையும் நாகபட்டினமும் 1658 ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் கைப்பட்டன. துணி நெய்யும் கரையும் வேர் விளையும் கரையும் ஒரே கும்பினியின் கீழ் வந்தமை தற்செயலாக நேர்ந்ததாயினும், அதன் பயனை அவர்கள் தவறவிடவில்லை. கிழக்கிந்தியத் தீவுகளில் வாசனைத் திரவியம் வாங்குவதற்குப் பொன்னைக் காட்டிலும் சோழமண்டலத் துணியே சிறந்த நாணயமாக இருந்தது. துணிக்குச் சிவப்பு வேண்டும். சிவப்புக்கு வேர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த சுவார்டெக்குரோன் 1697 இல் தம் பின் வருவோர்க்கு எழுதி வைத்த அறிக்கையில், யானை, பனை முதலிய வருவாய்களோடு சாயவேரும் இடம்பெறுகின்றது. அவ்வறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1911 இற் கொழும்பில் வெளியாயிற்று. யாழ்ப்பாண வரலாறு கற்போர் அதனை அரசியல் நோக்கிற் படிப்பதோடு அமையாது, ஒரு செடியின் வரலாறாகவும் படித்தல் நன்று.

அரசு வேரை விலைக்கு வாங்கியது என்று மட்டும் கூறின் உண்மை பாதியாகும். வேர் தோண்டுதல் குறிப்பிட்ட ஒரு பகுதியினர்க்கு உரிய கடமையாக விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையிற் பதவி வகித்த பெர்ட்டொலாச்சி என்பவர், 1817 இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக் கூறுகின்றார். வேர் கரையோரத்து உலர் மணலில் தானாக விளைவது. அதனைத் தோண்டும் உரிமை ஒரு குலத்தார்க்கு மட்டும் உண்டு. தோண்டிய வேரை அரசு வகுத்த விலைக்கு அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும். உரிமை என்ற சொல்லும் கட்டாயம் என்ற சொல்லும் ஒரு பொருளிலேயே வழங்கிய காலம் அது. வேறொருவன் தோண்டலாகாது என்பது உரிமை. அவன் வேறொருவர்க்கு விற்கலாகாது என்பது கட்டாயம். சந்தையில் அவ்வேர் என்ன விலைக்குப் போகும் என்பதை அறிந்தும் அவனால் ஆவது ஒன்றுமில்லை.

வேரைத் தோண்டுதல் துன்பமான வேலை. மழைக்குப் பின் மணல் நெகிழ்ந்திருக்கும்போது குனிந்து நின்று, கூரிய சிறு கருவியாற் கிண்டி, நூல் போன்ற வேர் அறாமல் இழுத்தல் வேண்டும். ஒரு செடி தருவது சில இழைகளே. ஒரு கட்டு வேருக்கு எத்தனை செடி கிண்டவேண்டும் என்பதைக் கிண்டியவனே அறிவான். அவன் கையிலும் சிவப்பு ஏறியிருக்கும். ஆனால், காரம் இல்லாத சிவப்பாதலால் அது கழுவப் போய்விடும்.

இனி அச்சுக் கட்டையைப் பற்றிச் சில கூறவேண்டும். நன்கு உலர்ந்த தேக்குக் கட்டையின் முகத்தை இழைத்துச் சமமாக்கி, அதன்மேல் உருவத்தை வரைந்து, உருவம் மேடாகவும் ஏனைய இடம் பள்ளமாகவும் சிற்றுளியாற் செதுக்குவர். செதுக்கிய கட்டையைப் பல நாள் எண்ணெயில் ஊறவைப்பர். நீர்க்கூழ் பட்டு மரம் பிளவாமைக்கு இது காப்பு. பெரிய கட்டைகளிற் காற்று வெளியேறத் துளையிடுவதும் உண்டு. அன்றேல் நடுவிற் காற்றுக் குமிழி நின்று பூ விழாமற் போகும். மயிரிழை போன்ற கோடு வேண்டுமாயின் மரத்தில் நில்லாது. பித்தளைத் தகட்டுக் கீற்றை வளைத்து மரத்திற் பதிப்பர். நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை வேண்டுமாதலால், மூன்று நிறமுள்ள பூவுக்கு மூன்று கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைதல் வேண்டும். கட்டையின் மூலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். முன் பதித்த புள்ளியின்மேல் அடுத்த புள்ளியை வைத்தால் வரி பிசகாது. கைதேர்ந்தவன் புள்ளியைப் பார்ப்பதும் இல்லை. கட்டையை வைத்துப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டி அடுத்ததற்குப் போவான். அத்தட்டின் ஓசை ஒரே சீராக இருத்தலைக் கொண்டே அவன் திறமையை அளவிடலாம்.

கூழை நேரே கட்டையிற் பூசுவதும் இல்லை. தட்டத்திற் கூழை ஊற்றி, அதன்மேல் மூங்கிற் சட்டமும் கம்பளித் துண்டும் மெல்லிய துணியும் பரப்பி, அம்மெத்தையிற் கட்டையை ஒற்றி எடுப்பர். வேண்டிய அளவு கூழே மேட்டிற் படியும்.

அச்சு மேடாக நின்று பதிவது; துளைத்தகடு வெறுமையாக நின்று வழிவிடுவது. இரண்டும் ஒரே உருவத்தைத் தந்தாலும் அவற்றின் இயல்பு நேர்மாறானது. அச்சில் உருவம் இடவலம் மாறிச் செதுக்கப்படல் வேண்டும். தகட்டில் உள்ளபடியே வெட்டலாம். ஆனால், தகட்டுக்கு வேறொரு இடர் உண்டு. தமிழெழுத்தில் ‘ண’ வை வெட்டிப் பார்த்தால் அது விளங்கும். சுழியின் நடுவில் உள்ள துண்டு பற்றுக்கோடின்றி உதிர்ந்துவிடும். அதனைப் பிடித்து வைக்க ஒரு சிறு பாலம் விடவேண்டும். சாக்குகளிலும் பெட்டிகளிலும் காணும் எழுத்துகள் இடையிடையே அறுந்து தோன்றுதற்குக் காரணம் அப்பாலமே. யப்பானியர் முசுக்கொட்டை மரத்துத் தாளை ஒருவகைப் பழச்சாற்றால் உறுதிப்படுத்தி, அதில் நுண்ணிய துளைகள் வெட்டி, அரிசிக் களியைத் தடவிச் சாயம் புகாமற் காக்கும் முறையைப் பெருங்கலையாக வளர்த்தனர். அவர்களின் சில தகடுகளிற் பாலத்துக்குப் பதிலாகப் பட்டிழைகளே துண்டுகளைத் தாங்குகின்றன. இக்காலத்துப் பட்டுத்திரை அச்சு இவ்வழியில் வந்ததே.

தமிழர்க்குத் துளைமுறை புதியதன்று. மாவைத் துளையிட்ட குழலில் இட்டு உருட்டிக் கோலம் இடுவதும் இதன்பாற்படும். சோழமண்டலத்து எழுத்துச் சீலைக்காரர் முதலிற் சித்திரத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியாற் குத்தி, அத்தாளைத் துணியின்மேல் விரித்துக் கரித்தூள் முடிப்பால் ஒற்றுவர். தூள் துளைவழியே இறங்கிப் புள்ளி வரிசையாகக் கோட்டைக் காட்டும். அதன்மேற் கோலால் எழுதுவர். தாளைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கக் கிளி இடப்பக்கக் கிளியாகும். ஆதலின், கோலால் எழுதியது தூயது, அச்சாற் பதித்தது தாழ்ந்தது எனப் பிற்காலத்தார் வகுத்த பிரிவு முற்றும் பொருந்துவதன்று. எழுதியவனும் துளைத்தாளை நம்பியே எழுதினான். பதித்தவனும் இடைவெளியைக் கையால் நிரப்பினான். கலம்காரி என்னும் பெயர் பாரசீகத்திற் கோல்வேலை எனப் பொருள்படினும், மசூலிப்பட்டினப் பகுதியில் அப்பெயரால் வழங்குவது கட்டையச்சே.

துணியில் அழியாக் குறி இடுதற்குக் காரம் வேண்டாத வழியும் ஒன்று உண்டு. வண்ணார் வீடுதோறும் வாங்கிய துணிகளை அடையாளம் காண, சேங்கொட்டையின் பாலைக் கூரிய குச்சியில் தொட்டு மூலையிற் சிறு குறியிட்டு, அதன்மேற் சுண்ணாம்பு தடவுவர். காற்றுப் பட்டதும் அது கறுக்கும். துணி கிழியும் வரை அக்குறி கிழியாது. கரவெட்டி முதலிய வடமராட்சிக் கிராமங்களில் மங்கல வீட்டிலும் அமங்கல வீட்டிலும் வெள்ளை கட்டும் கட்டாடியாரின் வேலை துணியை வெண்மையாக வைத்திருப்பது. அவர் தொழிலிலேயே என்றும் நீங்காத கறுப்பும் ஒரு கருவியாக இருந்தது நயமான செய்தி.

சீத்தையின் புகழ் அதன் உற்பத்தியாளர்க்கே பகையாயிற்று. ஐரோப்பிய நெசவாளர் தம் பிழைப்புக் கெட்டது எனக் கிளர்ந்தனர். பிரான்சு 1686 இல் வண்ணத் துணியைத் தடைசெய்து 1759 வரை அத்தடையைக் காத்தது. இங்கிலாந்தில் 1701 இல் இறக்குமதித் துணிகளின் மேலும், 1721 இற் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்தலின் மேலும் தடை வந்தது. அது 1774 வரை நீடித்தது. தடையின் நிழலில் அந்நாட்டார் காரத்தின் மறையைக் கற்றனர். 1783 இற் றொமஸ் பெல் என்பவர் செதுக்கிய செப்பு உருளையால் அச்சிடும் பொறிக்கு உரிமம் பெற்றார். கட்டை தட்டுபவன் நாள் முழுவதும் செய்ததை உருளை மிகச் சிறிது நேரத்திற் செய்தது. பின்னர் மஞ்செஸ்ரர் சீத்தை பருத்தித்துறைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

அப்போதும் வேருக்கு ஓரளவு இடம் இருந்தது. அதனை முடித்தது இரசாயனம். 1868 இற் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானியர் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து அலிசரீனை ஆக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் அவர்கள் சார்பிலும், இங்கிலாந்திற் பேர்க்கின் என்பவராலும் ஒரு நாள் இடைவெளியில் உரிமம் கோரப்பட்டது. இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தொழிற்சாலை ஆக்கியது போலிச் சிவப்பு அன்று. மணலில் வேர் ஆக்கிய அதே பொருளே. அதனால், தரத்தைக் காட்டி வேர் தன்னைக் காத்துக்கொள்ள இயலவில்லை. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனப்பயிர் விளைத்த உழவரும், சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் வேர் கிண்டியோரும் ஒரே தலைமுறையிற் பிழைப்பிழந்தனர். உழவர் அந்நிலத்தில் வேறு பயிர் இட்டனர். வேர் கிண்டியோர்க்கு நிலமும் சொந்தமாக இருந்ததில்லை.

இக்காலத்தில் இத்தொழில் எஞ்சியுள்ள இடங்கள் சில. பெடனையிற் கட்டையச்சும், காளத்தியிற் கோல்வேலையும் நடைபெறுகின்றன. காளத்தியிலே கலை மீண்டும் தளிர்த்ததற்குக் கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் முயற்சி பெரிதும் துணை. தஞ்சை மராத்திய அரசர் அவைக்குப் பொன்னிழையும் மெழுகுத் தடையும் சேர்த்துச் சீலை செய்த கோடாலிக் கருப்பூர் மரபு, அரண்மனை ஒழிந்ததும் தேய்ந்தது. அதன் வழிவந்தோர் கோயில்களுக்கு மேற்கட்டியும் தொம்பையும் எழுதி அதனைக் காத்தனர். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021 இற் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கையில் 1960களில் ஈனா த சில்வாவும் அவருடன் உழைத்தோரும் மெழுகாற் சாயம் தடுக்கும் பத்திக் முறையைப் பெருமைப்படுத்தினர். சாவகத்தார் அம்மெழுகைச் செப்பு அச்சாலும் பதிப்பர்.

கரவெட்டிப் பாடசாலைகளில் இதனை ஆய்கூடப் பாடமாகவும் சித்திரப் பாடமாகவும் ஒருங்கே நடத்தலாம். செலவு அதிகம் இல்லை. கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூள் ஊறிய நீரில் தோய்த்து நிழலில் உலர்த்துக. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐம்முகப் பூ உள்ள அச்சு ஒன்று செதுக்காமலே கிடைக்கும். மாணவர் திறமைக்கு ஏற்ப உருளைக்கிழங்கிலும் மென்மரத்திலும் செதுக்கலாம். ஒரு கிண்ணத்திற் படிகாரக் கரைசலையும், மற்றொன்றில் துருவேறிய ஆணிகளைப் பனங்கட்டி நீரிற் புளிக்கவைத்து வடித்த சாற்றையும் எடுத்து, வேலம் பிசினாற் கூழாக்கி, இரண்டையும் தனித்தனிப் பதிக்க. இரும்புப் பூ உடனே கறுக்கும். படிகாரப் பூ தெரியாது. மாணவர் அவ்விடத்தை வெறுமை என்றே கொள்வர். மூன்று நாள் ஆறவிட்டு, வாளியில் நீரைத் தேங்கவிடாது, குழாயைத் திறந்து ஓடும் நீரில் அலசுக.

சாயவேர் இன்று எளிதிற் கிடைப்பதன்று. மருந்துச் சரக்குக் கடையிற் கிடைக்கும் மஞ்சிட்டி போதும். அதனை இடித்து ஓரிரவு ஊறவைத்து, கிணற்று நீரிலேயே காய்ச்சித் துணியை இடுக. நீர் சூடேற ஏற, வெறுமையாகத் தோன்றிய இடங்களிலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும். நீரை மிகவும் தளம்பக் கொதிக்கவிடலாகாது, சிவப்புக் கபிலமாகும். எடுத்தபின் நிலத்தில் ஏறிய மெல்லிய சிவப்புச் சாயலைப் போக்க, தவிட்டு நீரில் ஒருமுறை காய்ச்சி, புல்லின்மேல் விரித்து, காயும்போதெல்லாம் நீர் தெளித்து, நாலைந்து நாள் வெயிலில் விடவேண்டும்.